லோர்கனின் முதுகுவலி

லோர்கன் காட்டருக்கு முதுகில் ஒரு கோளாறும் இல்லை. அது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்வரை அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

கோவ் என்ற அந்தத் துறைமுக ஊருக்குத் தெரிந்த கதை வேறு. எதிர்த்தீவிலிருக்கும் கடற்படைத் தளத்தில் ஏணியிலிருந்து சறுக்கி விழுந்தான், இடுப்பை நிமிர்த்த முடியவில்லை, கப்பலேறக் கூடாதென்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மத்தியதரைக் கடலுக்குப் போகிற கப்பலில் இருந்திருக்க வேண்டியவன், பாவம், கைத்தடியோடு வீட்டில் கிடக்கிறான். அவன் அம்மா கன்செப்டா கசாப்புக் கடையிலும் தபால் ஆபீசிலும் பூசை முடிந்த பேராலய வாசலிலும் இதைச் சொல்லிச் சொல்லி ஓயவில்லை. கேட்டவர்களும் உச்சுக்கொட்டி, அவனுக்காக வேண்டிக்கொள்வதாகச் சொல்லிப் போனார்கள். நாலு பேர் உண்மையிலேயே வேண்டிக்கொண்டிருப்பார்கள். நம் ஊர்க்காரர்கள் அந்த விஷயத்தில் நாணயமானவர்கள்.

அவன் போட்ட கணக்கு எளிமையானது. கடற்படையில் ஆள் பஞ்சம். நல்ல நல்ல கப்பல்களெல்லாம் ஓட்ட ஆளில்லாமல் துறையில் கட்டிக்கிடக்க, கடற்காகங்கள் அதில் குடித்தனம் நடத்துகின்றன. அவன் போகவேண்டிய கப்பலின் ஜெனரேட்டர்களை அறிந்த எலக்ட்ரீஷியன் இல்லாமல் அதுவும் கிளம்பாது. நான் படுத்தால் கப்பலும் படுத்துவிடும், இன்னொரு கப்பல் நின்றால் யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தான். நூலாவை அவன் மறந்தே போனான்.

நூலாவும் கடற்படையில் அதே எலக்ட்ரீஷியன் வேலைதான் பார்த்தாள். அதே கப்பலில் ஓடியவள். கல்யாணத்துக்காகக் கரையில் ஒரு வேலை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, லோர்கனின் தம்பி கீரன்தான், ரயில் நிலையத்துக்கு எதிரே மீன் வறுவல் கடை வைத்திருப்பவன். அடுத்த மாதம் கல்யாணம். மண்டபம், கேக், பாதிரியார் எல்லாம் சொல்லியாகிவிட்டது. லோர்கன்தான் மாப்பிள்ளைத் தோழன். இந்த நிலையில் நூலாவுக்கு உத்தரவு வந்தது: லோர்கன் இடத்தில் நீ போ.

கல்யாணம் தள்ளிப் போவது ஊரில் நடக்காததல்ல. ஆனால் நூலாவின் அப்பா மோஸிக்கு நுரையீரல் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் அவரால் ரோட்டைக் கடக்க முடியாது. கிறிஸ்துமஸ் பார்ப்பாரா என்று டாக்டரே வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு பேராலயத்துக்குள் நடந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. கப்பல் திரும்பி வருவது குளிர்காலத்தில். கப்பல் கிளம்பச் சில நாளே இருந்ததால் கல்யாணத் தேதியை முன்னால் இழுக்கவும் வழியில்லாமல் போயிற்று.

உத்தரவு வந்த அன்றே லோர்கன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கப்பல் கிளம்பும் திங்கட்கிழமைக்கு முந்தின நாள்வரை கொண்டுவந்து விட்டுவிட்டான்.

அந்த ஞாயிறு மதியம் நூலா சாப்பிட வந்தாள். பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். குனிந்தால் வலிக்குமே என்று கன்செப்டா மகன் தட்டை அவன் மடிக்கே கொண்டுவந்து கொடுத்தாள். கீரன் வாய் வலிக்கச் சிரித்தான்.

"இங்க பாருங்க மகாராஜாவை! இன்னும் அம்மா ஊட்டித்தான் விடலை."

"சும்மா இருடா நீ. எண்ணெயில மீனைப் போடுறவனுக்கு முதுகுவலி என்னன்னு தெரியுமா?" என்றாள் கன்செப்டா.

லோர்கன் தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றான்.

சாப்பாடு முடிந்ததும் நூலா டீயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தாள். அவனும் தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே போனான்.

"ரெண்டாவது ஜெனரேட்டர் இன்னும் அடம் புடிக்குதா?" என்று கேட்டாள்.

"சூடானா நின்னுடும். தண்ணி வர்ற வால்வைப் பாரு. கையால ஒரு தட்டு தட்டினா சரியாயிடும்."

"சரி." டீயை ஊதிக் குடித்தாள். "நேத்து கஸ்கின்னி கரையில உன் படகை ஒத்தையாளா மேட்டுக்கு இழுத்துப் போட்டே. நான் மேல ரோட்டுல கார்ல இருந்தேன்."

லோர்கனுக்கு முகம் காதுவரை எரிந்தது. அவன் வாயில் முதலில் வந்தது மன்னிப்பு அல்ல.

"யார்கிட்டல்லாம் சொன்னே?" என்றான்.

அதைக் கேட்டதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. நூலா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார்கிட்டயும் சொல்லல. கீரன்கிட்ட சொன்னா உன்னைக் கொன்னுடுவான். அப்புறம் நான் ஜெயில்ல போய்த்தான் புருஷனைப் பாக்கணும்." அவள் சிரிக்கவில்லை. "என்ன, பயமா?"

ஆமென்று அவன் தலையை ஆட்டினான். பிறகு சொன்னான். இதற்கு முந்தைய முறை லிபியா பக்கம் போயிருந்தபோது அகதிகள் வந்த ரப்பர்ப் படகு கவிழ்ந்து, எல்லோரும் சேர்ந்துதான் ஆட்களைத் தூக்கினார்கள். தண்ணீரெல்லாம் பெட்ரோல். ஒருவனின் கையை அவன் பிடித்தான். நன்றாகத்தான் பிடித்திருந்தான். சோப்புக்கட்டி நழுவுவதுபோல நழுவிற்று. திரும்பி வந்ததும் மெடல் கொடுத்தார்கள். ஊரில் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். எத்தனை பேரைக் காப்பாற்றினாய் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

நூலா மிச்ச டீயைக் குடித்து முடித்தாள்.

"இந்தத் தடவை அது இல்லியே. சரக்குக் கப்பலை நிறுத்தி, துப்பாக்கி கடத்துறாங்களான்னு பாக்கறதுதான். நீ கீழ மிஷின் ரூம்ல கிடப்பே."

"அதே தண்ணிதான் நூலா."

"பயந்தேன்னு உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்," என்றாள். "டாக்டர்கிட்ட அதையே சொல்லியிருந்தா, நான் அழுதுகிட்டாவது போயிருப்பேன். உன்மேல கோவமே வந்திருக்காது. ஆனா நீ பொய்யைச் சொல்லி எங்கப்பாவோட நாளை எடுத்துக்கிட்டே. அதான் எனக்குத் தாங்கல."

லோர்கன் தடியின் நுனியால் தரையைக் கீறினான்.

"நாளைக்குக் காலைல நான் லாஞ்ச் ஏறுற வரைக்கும் நேரம் இருக்கு. முதுகு சரியாப் போச்சுன்னு ஒரு போன். நீ போ, நான் இருக்கேன். நானா உன்னைக் காட்டிக் குடுக்க மாட்டேன். நீயாத்தான் சொல்லணும்."

கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கன்செப்டாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பையைக் கட்டினான். டாக்டரின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

எதிர்த்தீவுக்குப் போகும் லாஞ்ச் படகுத்துறையில் நின்றது. நூலா அப்பாவைக் கட்டிக்கொண்டாள், சிலிண்டரின் குழாய் இடிக்காமல் பக்கவாட்டில். கீரனை விட மனமில்லாமல் விட்டாள். கடைசியாக லோர்கனிடம் வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. எதிரே நின்றாள். லாஞ்ச்காரன் கயிற்றை அவிழ்க்காமல் பொறுமையாகக் காத்திருந்தான். அவளும் காத்திருந்தாள்.

"ஜாக்கிரதையாப் போயிட்டு வா," என்றான் லோர்கன்.

அவள் இன்னும் ஒரு மூச்சு நேரம் பார்த்தாள்.

"சரி. நீ உன் முதுகைப் பாத்துக்கோ," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள்.

"இவளை மாதிரி மருமக கிடைக்கணுமே! போற நேரத்துலகூட உன்னைப் பத்திக் கவலை," என்று கன்செப்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வெளிநாட்டுக்குப் போகிற கப்பல் ஊருக்கு முன்னால் மெதுவாக ஊர்ந்து, சங்கு ஊதிவிட்டுத்தான் போகும். அதற்கென்று கடற்கரைச் சாலையில் கூட்டம் நிரம்பிவிட்டது. குழந்தைகள் தோளில் ஏறிக்கொண்டார்கள். கசாப்புக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து லோர்கன் தோளைத் தட்டினார்.

"அடுத்த தடவை போகலாம்டா, விடு. உன் மனசு என்ன பாடுபடுதுன்னு எனக்குத் தெரியுது," என்றார்.

நிரம்பிக்கிடந்த ஒரே பெஞ்சின் ஓரத்தில் மோஸி உட்கார்ந்திருந்தார், சிலிண்டரைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு. லோர்கன் தடியில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தார். பெஞ்சின் கையைப் பிடித்து எழுந்தார். எழுவதற்கே இரண்டு தடவை மூச்சு வாங்கிற்று.

"வாப்பா, வந்து உக்காரு."

"ஐயோ, வேண்டாம் மாமா. நீங்க உக்காருங்க."

"எனக்கென்ன, நுரையீரல்தான் கெட்டுக் கிடக்கு. காலு நல்லாத்தான் இருக்கு. முதுகுவலியோட நிக்கக் கூடாது, அப்புறம் ஆயுசுக்கும் படுத்தும்."

"பெரியவர் சொல்றார்ல, உக்காரேன்டா," என்றாள் கன்செப்டா.

மோஸி கீரன் தோளைப் பிடித்துக்கொண்டு லோர்கன் பக்கம் குனிந்தார். குரல் சீறலாக வந்தது.

"நீ மனசுல வச்சுக்காதே. உனக்குப் பதிலா அவ போறாளேன்னு உன் முகமே செத்துக் கிடக்கு, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவ திரும்பி வர்ற வரைக்கும் மூச்சைச் சேத்து வச்சிருக்கேன். நீ தோழனா நிக்கணும், அதுக்கு உடம்பைத் தேத்து."

"மாமா," என்றான் லோர்கன்.

"என்னப்பா?"

கிழவர் நிஜமாகவே காத்திருந்தார். கப்பல் இன்னும் கண்ணில் படவில்லை. யாரும் குறுக்கே பேசவில்லை, கீரன்கூட அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிட அவ்வளவு இடம் இருந்தது.

"ஒண்ணுமில்ல மாமா," என்றான்.

உட்கார்ந்தான். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசிற்று, அப்படியும் உட்கார்ந்தான். அதே நேரம் கப்பல் தீவைச் சுற்றித் திரும்பியதென்று ஆரவாரம் எழுந்தது. கூட்டம் முன்னால் நகர்ந்து கம்பியோரம் நெருங்கிற்று. அவனுக்குக் கடல் தெரியவில்லை, கப்பல் தெரியவில்லை, அதில் எங்கே நூலா நிற்கிறாளென்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். அம்மாவுடையது, தம்பியுடையது, அவர்களுக்கு நடுவில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கிய மோஸியின் மெலிந்த முதுகு. பெஞ்சில் அந்த மனிதரின் சூடு இன்னும் ஆறாமல் இருந்தது.