வாசலில் நிற்கும் வாள்காரி

இரண்டு வருடங்களாக ஞாயிறுதோறும் அவள் ஒரு பூதத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அதன் முகம் எப்படியிருக்கும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. கணினியில் ஆடும் அந்த ஆட்டத்துக்குள் நுழையும்போதே ஒரு வேடத்தைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். ஆடுகிறவர்கள் அதைக் கிளாஸ் என்பார்கள். வாள்காரர், வில்லாளி, மந்திரவாதி, காவலர், வைத்தியர். அவள் வைத்தியர். வைத்தியருக்குத் திரையின் இடது ஓரம்தான் உலகம். கூட்டமாகப் போகிற ஐந்து பேருக்கும் அங்கே ஐந்து பச்சைப் பட்டைகள் இருக்கும். அடி விழுந்தால் பட்டை குறையும். குறைந்ததை நிரப்புவது அவள் வேலை. நடுத்திரையில் பூதம் உறுமும், நெருப்பு பறக்கும், எல்லோரும் கூச்சல் போடுவார்கள். என்னவென்று நிமிர்ந்து பார்த்தால் அதற்குள் ஒருவர் செத்துக் கிடப்பார். அதனால் அவள் நிமிர்வதில்லை.

முதல் நாள் அவள் எடுத்தது வாள்காரியைத்தான். ஒற்றைப் பின்னல், தோளில் வாள், யாருக்கும் பயப்படாத தாடை. சரி என்ற பொத்தானை அழுத்தப்போகும் நேரத்தில் திரையின் கீழே யாரோ கெஞ்சினார்கள்: "வைத்தியர் யாராவது வாங்களேன், ரொம்ப நேரமா காத்துக் கிடக்கோம்." பேருந்தில் கொஞ்சம் நகர்ந்துக்கங்க என்று யாராவது சொன்னால் எழுந்தே நின்றுவிடுகிற சுபாவம் அவளுக்கு. பின்னலும் தாடையும் போயின. வெள்ளை அங்கியும் மூலிகைப் பையும் வந்தன.

கெஞ்சியவர்கள் மூன்று பேர். இன்றுவரை அவர்கள்தான் அவள் கூட்டம். காவலரைச் சுவர் என்பார்கள். பூதத்தின் முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்கிக்கொள்வது அவர் வேலை. பேச்சும் சுவரோடு பேசுவது போலத்தான், கேட்டால் பதில் வந்தால் உண்டு. வில்லாளியின் பெயர் குருவி, கைபேசிக் கடையில் வேலை, வாய் ஓயாது. மந்திரவாதி பேராசிரியர். உண்மையில் டயர் கடை வைத்திருக்கிறார், ஆனால் காரணம் சொல்லாமல் வணக்கம்கூடச் சொல்ல மாட்டார். ஐந்தாவது இடம் வழியில் போகிற யாருக்காவது. அவர்கள் எல்லோரும் ஒலிவாங்கியில் பேசுவார்கள். அவள் மட்டும் எழுதுவாள். சரி, வரேன், நன்றி. அவளுக்கு மருந்து என்று பெயர் வைத்தது குருவி.

பிழைப்பும் ஏறக்குறைய அதேதான். உயிர்வேதியியல் படித்துவிட்டு ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறாள். கையை நீட்டுகிற எல்லோரும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். "முடிஞ்சுதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பார்கள். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊசி குத்தினதே தெரியல என்று சில பேர் சொல்வதுண்டு. அதுவும் வாசல் பக்கம் நடந்துகொண்டே. முன்மேசையில் இருப்பவள் காலையில் அவளைக் கண்டதும், "ரத்தக்காட்டேரி வந்தாச்சு, எல்லாரும் கையைக் காட்டுங்க" என்பாள். அவள் சிரிப்பாள். நாள் முழுக்க அவளிடம் யாரும் பேசியது அது ஒன்றாகவே இருக்கும்.

குடியிருப்பது அக்கா வீட்டில். அக்காவுக்கு முதுகுவலி, அத்தானுக்கு ரத்த அழுத்தம், அக்கா மகளுக்குக் கணக்கு வராது. எந்தப் பட்டை எப்போது குறையும் என்று அவளுக்குத் தெரியும். "உனக்கு என்னடி, ஒரு கவலையா கஷ்டமா" என்று அக்கா சொல்வாள். அன்பாகத்தான் சொல்வாள்.

போன கோடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு ஞாயிறு ஆட முடியவில்லை. போர்வைக்குள் கிடந்தபடி, அவர்கள் பூதத்தின் குகையில், அது இருக்கிற கடைசி வாசலான ஏழாவதில், செத்துச் செத்து விழுவதாக நினைத்துக்கொண்டாள். நினைக்கக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அடுத்த வாரம் உள்ளே போனால், "மருந்து வந்தாச்சா? கிளம்பலாமா?" என்றான் குருவி. பூதம் போன வாரமும் ஒழுங்காகச் செத்திருக்கிறது. வழியில் போன ஒரு வைத்தியரைக் கூப்பிட்டுக்கொண்டார்களாம்.

"அந்தாளுக்குக் கை என்ன வேகம்ங்கறீங்க!" என்றார் பேராசிரியர்.

ஏன் வரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவரும் கேட்கவில்லை. குளத்தில் ஒரு குவளை தண்ணீர் மொண்டால் அந்த இடத்தில் பள்ளமா விழும்? விழவில்லை.

அன்றுதான் அந்த எண்ணம் முளைத்தது. செத்தவர்கள் தங்கள் வீட்டையே வந்து எட்டிப் பார்ப்பார்களாமே, அதுபோலத் தான் இல்லாத இடத்தில் தானே போய் நின்று பார்க்க வேண்டும். மருந்து இருந்திருந்தால் என்று ஒரு வாயாவது சொல்கிறதா? சொன்னால் தொடர்ந்து ஆடுவாள். இல்லையென்றால் அன்றே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்களைப் போலத் தூங்குவாள்.

இன்னொரு பெயரில் கணக்குத் தொடங்கி, பழைய வாள்காரியை எடுத்தாள். அதே பின்னல், அதே தாடை. பெயர் கேட்ட இடத்தில் ஒன்றும் தோன்றாமல் யாரோ என்று போட்டாள். புது வேடம் வளர வேண்டுமே. வேலை முடிந்து வந்த மாலைகளில் தனியாகக் காட்டுக்குள் நரிகளையும் சிலந்திகளையும் வெட்டிக்கொண்டிருந்தாள். அடிபட்டால் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து தானே ஆற வேண்டும். இடது ஓரத்தில் ஒரே ஒரு பட்டை, அவளுடையது. இத்தனை நாள் அதை அவள் சரியாகப் பார்த்ததே இல்லை.

தயாரான பிறகு வந்த ஞாயிறு மதியம் அக்கா குடும்பம் கடைக்குக் கிளம்பியது.

"சமையலறைக் குழாய் ஒழுகுதே, அதுக்கு ஆள் வருவாருடி. நீ எங்கேயும் போகலையே?"

"இல்லக்கா."

"அதானே, நீ எங்க போகப்போற."

அவர்கள் போனதும் மருந்தின் பெயரில், இந்த வாரம் வர முடியாது என்று எழுதினாள். குருவியிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அவ்வளவுதான். பிறகு யாரோவாக மாறி ஐந்தாவது இடத்தில் போய் நின்று, வாழ்க்கையில் முதல்முறையாக ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"வணக்கம்." குரல் கீச்சென்று வந்தது.

"அட, யாரோ வந்திருக்காங்க!" என்றான் குருவி. "வாங்கக்கா. வாள் பலமா இருக்கே. அண்ணா, ஆள் சேந்தாச்சு."

"சரி," என்றார் சுவர்.

வைத்தியராக ஒரு புது ஆள் வந்திருந்தார். அவரும் எழுதுகிற ரகம், அதுவும் எழுத்துக்கு வலிக்குமோ என்று. குழாய்க்காரரும் அப்போதுதான் வந்தார். அவரைச் சமையலறைக்குள் விட்டுவிட்டுத் திரும்பினாள். கூட்டம் கிளம்பிவிட்டிருந்தது.

இரண்டாவது வாசலைத் தாண்டியதும், போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டாள்: "உங்களுக்குன்னு வழக்கமா ஒரு வைத்தியர் உண்டா?"

"உண்டு. மருந்துன்னு ஒண்ணு. வாயே தொறக்காது," என்றான் குருவி. "ஆணா பொண்ணான்னே தெரியாதுன்னா பாத்துக்குங்க."

"வயசானவருப்பா அவரு," என்றார் பேராசிரியர். "ஓய்வு பெற்ற ஆசாமி. காரணம் சொல்றேன் கேளு. ஒண்ணு, கோபமே வராது. ரெண்டு, எழுத்துப் பிழை இருக்காது. மூணு, ஞாயித்துக்கிழமை அவருக்கு வேற வேலையே கிடையாது."

"உங்களுக்கு மட்டும் என்ன வேலையாம்?"

"டேய், நான் டயரை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்."

"மருந்து ஒரு வேளை கணினியே தானோ என்னமோ, சார். மனுஷனே இல்லையோ?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள். சிரிக்காமல் இருந்தால் தெரிந்துவிடும்.

"வழியைப் பாருங்க," என்றார் சுவர்.

மூன்றாவது வாசலில் குருவி கத்தினான். "அக்கா! வாளை வெச்சுக்கிட்டுக் கடைசியா நிக்கிறீங்களே. முன்னாடி போங்க!"

அப்போதுதான் கவனித்தாள். வாசலுக்கு வெளியே நின்று, எல்லோருடைய பட்டையும் நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தியர்கள்தான் அப்படி நிற்பார்கள். ஒரு ஆள் குறையோடு உள்ளே போகக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட வழக்கம். மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினாள். நான்காவது வாசலிலும் கால் தானாக நின்றது. ஐந்தாவதிலும் அப்படியே.

ஏழாவது வாசலுக்குள் பூதம் எழுந்தது. வாள்காரி அதன் விலாப்பக்கம் போய் வெட்ட வேண்டும், வெட்டினாள். இரண்டு வெட்டு. கண் மட்டும் இடது ஓரத்தை விட்டு வரவில்லை. குருவியின் பட்டை சரிந்தது. பாதி, கால், நூலளவு. புது வைத்தியர் பேராசிரியரை நிரப்பிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வேடத்துக்கும் இடுப்பில் ஒரு சின்னப் பை உண்டு. வாள்காரிகள் அதில் எறிகத்தி வைத்திருப்பார்கள். அவளுடைய பையில் பச்சிலை இருந்தது, பழக்கதோஷம். பூதத்தை விட்டுவிட்டுக் குருவியிடம் ஓடிப் பச்சிலையை வைத்தாள்.

"அக்கா, பூதத்துக்கு முதுகைக் காட்டிட்டு..."

ஒரே அடி. அவளுடைய பட்டை மொத்தமும் போய்விட்டது.

"நான் செத்துட்டேன்," என்றாள் சத்தமாக. "என்னை விட்டுடுங்க, நீங்க பாருங்க!"

சமையலறையில் ஏதோ இரும்பு தரையில் விழுந்தது. குழாய்க்காரர் கையில் திருகுசாவியோடு ஓடி வந்து அறை வாசலில் நின்றார்.

"என்னம்மா? என்ன ஆச்சு?"

அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். "ஒண்ணுமில்லைங்க. விளையாட்டு. விளையாட்டுல செத்துட்டேன்."

அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "என் உசிரு போயிடுச்சு போங்க. நல்லாத்தான் இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நெஜமா?"

அவள் தலையாட்டினாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே குழாய்க்குத் திரும்பினார்.

செத்தவளுக்கு வேலை கிடையாது. நிரப்ப வேண்டியது ஒன்றும் இல்லாமல், அவள் முதல்முறையாகத் திரையின் நடுவே பார்த்தாள்.

பூதம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு இமைமயிர் இருந்தது. யார் வரைந்தார்களோ, ஒவ்வொன்றாக வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் அது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக் கண்ணை இறுக்கிக்கொண்டது. முடிஞ்சுதா என்று கேட்பது போல. இத்தனை வருடம் இதன் முன்னாலேயே நின்றிருக்கிறாள்.

அது விழுந்தது. பெட்டி திறந்தது. புது வைத்தியர் தன் பங்கை எடுத்துக்கொண்டு, செத்தவரை எழுப்பிவிட்டுப் போக வேண்டும் என்ற மரியாதைகூட இல்லாமல் மறைந்தார்.

"போயிட்டானே பாவி!" என்றான் குருவி. "அக்கா, நீங்கதான் காப்பாத்துனீங்க, ரொம்ப தேங்க்ஸ். கடை திறக்கணும், வரட்டா?" பேராசிரியரும் ஒரு காரணம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மருந்து இருந்திருந்தால் என்று யாரும் சொல்லவில்லை. எழுப்ப ஆளில்லாத உடலை, கொஞ்ச நேரம் பொறுத்து ஆட்டமே வெளியே அனுப்பிவிடும். கணக்கை அழிப்பது எப்படி என்று அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள்.

சுவர் மட்டும் போகவில்லை.

"நீங்க கிளம்புங்க," என்றாள்.

"எல்லா வாசல்லயும் நின்னீங்க," என்றார் சுவர்.

அவள் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"பச்சிலையும் வெச்சிருந்தீங்க." பிறகு அவரே, "கோடையில ஒரு வாரம் நீங்க வரலையே, காய்ச்சலா என்னன்னு அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன். எழுதிட்டு அழிச்சுட்டேன். நமக்கென்ன உரிமைன்னு."

"காய்ச்சல்தான்," என்றாள்.

"உங்க குரல் இப்படி இருக்கும்னு நினைக்கல."

"வேற எப்படி நினைச்சீங்க?"

"நினைக்கவே இல்லைங்க. இத்தனை நாள் முதுகுக்குப் பின்னாடி நின்னு காப்பாத்தியிருக்கீங்க. ஒரு தடவைகூட நினைச்சுப் பாக்கல."

பரவாயில்லை என்று வாய் வரை வந்தது. எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை. சொல்லாமல் விட்டாள்.

"காவலருக்கு எழுப்பத் தெரியாது," என்றார் அவர்.

"தெரியும்."

"உக்காரத் தெரியும்."

கனத்த கேடயத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் அவளுடைய உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வைத்தியர் எப்போதும் காவலருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். இதுவரை அவள் ஓரக்கண்ணில் பட்டது அந்த முதுகு மட்டும். இப்போது முகம் தெரிந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு ஆட்டம் முதலில் கொடுக்கிற முகம். மூக்கை மாற்றலாம், தாடி வைக்கலாம், தழும்பு போடலாம். அவள் தன் தாடைக்கே ஒரு மாலை முழுவதும் செலவழித்தாள். அவர் எதையும் தொடவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருப்பார்.

"அடுத்த ஞாயிறு எந்த வேடம்?" என்று கேட்டார்.

இதை அவளிடம் யாரும் கேட்டதில்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியல," என்றாள். "ஆனா வருவேன்."

"சரி."

சமையலறையிலிருந்து குழாய்க்காரர் கூப்பிட்டார், தண்ணீர் வருகிறதா பாருங்கள் என்று. "இதோ வரேன்," என்று குரல் கொடுத்தாள். எழுந்திருக்கவில்லை. குகைக்குள் வெளிச்சம் குறையத் தொடங்கியது. அந்த முகம் இன்னும் கொஞ்ச நேரம் தெரியும்.