சங்கரன் தலைமேல் முளைத்த குமிழி

பம்பாய் மாட்டுங்கா சங்கரனின் தலைக்கு மேல், 2015 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வெள்ளைக் குமிழி ஒன்று முளைத்தது. காமிக்ஸில் ஆட்கள் மனசுக்குள் நினைப்பதை எழுதிக் காட்டுவார்களே, அதே குமிழி. முந்தின நாள்தான் அவர் தொள்ளாயிரம் பக்கக் கறுப்பு வெள்ளைத் தமிழ் காமிக்ஸ் ஒன்றைப் படித்து முடித்திருந்தார். மில் மூடிய பிறகு ஒரு நெசவுத் தொழிலாளி முப்பது வருஷம் வேலையில்லாமல் வாழ்ந்த கதை. அதை முழுசாகப் படித்தவர் ஊரில் அவர் ஒருவர்தான், ஆகவே குமிழியும் அவருக்கு மட்டும்தான். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னார்.

சங்கரனுக்குக் குமிழி ஒரு குறையாகப் படவில்லை. அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச ஒரே ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்காமலே செத்துப்போவோமோ என்று நிஜமாகவே பயந்தார். எட்டுப் பிரதி வாங்கி வைத்துக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் சிபாரிசு செய்தார். மாட்டுங்காக்காரர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அதுதான் வம்பாகப் போயிற்று. நாகலக்ஷ்மி மாமி புரட்டிப் பார்த்து, கலரே இல்லையே என்றபோது இவர் வாய் சிரித்தது, குமிழியில் “காலண்டர் வாங்க வேண்டியதுதானே” என்று வந்தது. ரிடையரான பேங்க் மேனேஜர் பஞ்சாபகேசன், பொம்மைப் புத்தகம் பேரனுக்கு ஆகும் என்றார். அவருக்கு வந்த வரியை இங்கே எழுத முடியாது. நியாயமாகப் பார்த்தால் குமிழி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. கச்சேரியில் தூங்கி எழுந்து வந்து ரசனை பேசுகிற கூட்டம் அது. ஆறே வருஷத்தில் சங்கரனுக்கு வணக்கம் சொல்லவும் ஆளில்லை.

அதனால் தாராவிக்குப் போனார். அங்கே இளசுகள் தமிழ் பேசும், படிக்காது, குமிழி பிடிபடாது. படிக்கத் தெரியாதவர்களிடமா புத்தகம் கொடுப்பது என்று அந்த மேதாவிக்குத் தோன்றவேயில்லை. பையன்கள் குமிழியோடு செல்பி எடுத்துக்கொண்டு, புத்தகத்தைக் கோவண்டி பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனார்கள்.

தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்த கரீம் பாட்சாவின் மகள் ஆஸியா மட்டும், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். “நல்லா படிம்மா”ன்னு போட்டிருக்கு என்றார் சங்கரன். அவள் நம்பவில்லை. குமிழியைப் போனில் படம் பிடித்துக்கொண்டு புத்தகத்தோடு போனாள். படத்தைப் பார்த்து வார்த்தையை ஊகித்து, அம்மா நூர் நிஷாவிடம் கேட்டுக் கேட்டு, எழுத்து எழுத்தாகப் பிடித்தாள். அந்த ஒரு வரி புரிந்த பிறகும் நிறுத்தவில்லை. தொள்ளாயிரம் பக்கத்துக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

முடித்த மறுநாள் அவள் தலைக்கு மேலும் குமிழி இருந்தது. அதோடு சங்கரனிடம் வந்தாள்.

“‘இந்தக் கழுதைக்கு எங்கே ஏறப்போகுது’ன்னுல்லா போட்டிருந்துது,” என்றாள். “நல்லா படின்னு சொன்னீய.”

சங்கரன் மன்னிப்புக் கேட்கவில்லை. புத்தகம் எப்படி என்று கேட்டார்.

“நல்லாத்தான் இருந்துச்சு அங்கிள்.”

குமிழியில் வேறு வந்தது: “நடுவுல எரநூறு பக்கம் வேஸ்ட்டு. அவன் பெஞ்சாதி கதையத்தான் எளுதிருக்கணும், மடப்பய.”

சங்கரன் அதை மூன்று தடவை படித்தார். இத்தனை வருஷத்தில் அந்தப் பெண்டாட்டியை அவர் ஒரு நிமிஷம்கூட நினைத்ததில்லை. அவர் குமிழி நாலு நிமிஷம் வெறுமையாக நின்றது. பிறகு, எந்தப் பக்கத்தை வெட்டச் சொல்கிறாய் என்று கேட்டு உட்கார்ந்தார்.

இப்போது ஞாயிறுதோறும் இருவரும் பட்டறையில் சண்டை போடுகிறார்கள். குமிழி இடிக்கிறது என்று கரீம் பாட்சா சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒன்று மாட்டிவிட்டார்.