பாண்டியாக் விற்ற நாள்

எமில் குச்சேரா இறந்து எட்டு மாதம் ஆனபின், அவனுடைய முதல் மனைவி லவோன் அவனுடைய இரண்டாவது மனைவி டார்லாவுக்குப் போன் செய்தாள். விவாகரத்துக்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசியது மிகவும் குறைவு. மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு. இறுதிச் சடங்கில் ஒரு கை குலுக்கல். அவ்வளவுதான்.

"பாண்டியாக் காரை விக்கப் போறேன்" என்றாள் லவோன். "கொட்டகைக் கூரை இந்த வருஷம் கொட்டப்போற பனியைத் தாங்காது. சனிக்கிழமை லிங்கன் நகரத்துலேருந்து ஒருத்தி பாக்க வர்றா. நீயும் வந்தா நல்லா இருக்கும்."

"என்னை எதுக்குக் கூப்பிடறீங்க? பத்திரத்துல அவர் பேரும் உங்க பேரும்தானே இருக்கு?"

"இருந்தா? உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வித்துருவேனா? கடைசில அவனுக்குச் சோறு ஊட்டினது நீதானே."

டார்லா, "எத்தனை மணிக்கு?" என்றாள்.

ஐம்பத்து நாலாம் வருஷத்து வண்டி அது. பக்கத்துப் பண்ணை ஏலத்தில், ஓடாத நிலையிலேயே எமில் வாங்கி வந்தது. வாங்கிய அடுத்த வருஷம் அவன் தானியக் கிடங்கு அலுவலகத்தில் வேலை பார்த்த டார்லாவிடம் போய்விட்டான். துணிமணி, துப்பாக்கி, மீன்பிடி படகு எல்லாம் அவனோடு போயின. வண்டி மட்டும் போகவில்லை. டவுனில் டார்லாவின் வாடகை வீட்டில் அதை நிறுத்த இடமில்லை. 'கொட்டகையிலேயே கிடக்கட்டும், அப்பப்ப வந்து ரிப்பேர் பாக்கறேன்' என்று வக்கீல் மூலம் சொல்லி அனுப்பினான். லவோனும் சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை: அவன் வரும் நேரத்தில் அவள் வீட்டில் இருக்கமாட்டாள்.

முதல் சில வருஷம் அது கோபத்தில் செய்தது. கோபம் எப்போது வடிந்தது என்று அவளுக்கே தெரியாது. சனிக்கிழமை காலையில் அவன் லாரி சத்தம் கேட்பதற்கு முன்பே அவள் பக்கத்து ஊரான க்ரீட்டில் இருக்கும் தங்கை ஆர்லீன் வீட்டுக்குச் சீட்டாடக் கிளம்பிவிடுவாள். போகும்போது கொட்டகை வாசலில் ஒரு பிளாஸ்க் காப்பி வைத்துவிட்டுப் போவாள். திரும்பி வரும்போது பிளாஸ்க் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும். வண்டி மட்டும் அப்படியே இருக்கும். அதே துரு, அதே உடைந்த விளக்கு. ஒரு பொட்டுச் சாயம்கூட அதன்மேல் ஏறவில்லை. 'இதைத்தான் வருஷக்கணக்கா ரிப்பேர் பண்றானா?' என்று ஆர்லீனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சனிக்கிழமை டார்லா வந்து இறங்கியபோது முந்தின நாள் மழையில் வாசல் முழுக்கச் சேறு. நெட்டையான பெண், அறுபதைத் தொடும் வயது. டவுனுக்குப் போடும் மெல்லிய காலணியோடு வந்திருந்தாள்.

"இதைப் போட்டுக்கிட்டு எங்க டான்ஸ் ஆடப் போறே?" என்று லவோன் தன் பழைய ரப்பர் பூட்ஸை எடுத்துக் கொடுத்தாள். டார்லாவின் குதிகால் உள்ளே இறங்கவில்லை. எமிலின் பூட்ஸ் ஒரு ஜோடி கொட்டகையில் கிடந்தது. அது சரியாக இருந்தது. இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வாங்குகிறவள் வருவதற்குள் வண்டியைக் கொஞ்சம் முகம் கழுவி விடலாம் என்று இரண்டு வாளித் தண்ணீரோடு உட்கார்ந்தார்கள். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறந்ததும் எலி ஒன்று துள்ளி ஓட, டார்லா வீறிட்டாள்.

"அது எத்தனை தலைமுறையா இங்க குடியிருக்கோ. உன்னைப் பாத்து அதுதான் பயந்திருக்கும்" என்றாள் லவோன்.

டார்லா சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்துகொண்டே, "ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது" என்றாள்.

"கேளு."

"இத்தனை வருஷமும் சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்தாரே... உங்களைப் பாக்கத்தானே வந்தாரு?"

லவோன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "என்னையா? அடிப் பாவி! நான் வீட்லயே இருக்கமாட்டேனே. ஆர்லீன்கிட்ட கேட்டுப் பாரு. அவன் லாரி வர்றதை ஜன்னல் வழியாக்கூடப் பாத்ததில்லை."

"நெசமாவா?"

"நெசம்டி. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? உன் நச்சரிப்பு தாங்காமத்தான் இங்க வந்து ஒளிஞ்சுக்கறான்னு."

"நான் எங்க நச்சரிச்சேன்? அவரு வீடு திரும்பினா சூப்பைக் கொடுத்துட்டு வாயைத் திறக்காம உக்காந்திருப்பேன். கேட்டா என்ன பதில் வருமோன்னு பயம்." அவள் துணியை மறுபடி வாளியில் முக்கினாள். "ஒவ்வொரு தடவையும், 'இன்னும் கொஞ்சம்தான் பாக்கி'ம்பாரு. நான் அதை வண்டியைப் பத்தின பேச்சுன்னு எடுத்துக்கவே இல்லை."

லவோன் கீழே போட்ட துணியை எடுத்தாள். தான் ஆர்லீன் வீட்டில் சீட்டாடிச் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை சனிக்கிழமையும் இவள் டவுனில் ஜன்னலோரம் உட்கார்ந்து புழுங்கியிருக்கிறாள். ஒரே ஒரு போன் போதுமாக இருந்திருக்கும். அந்தப் போனைத்தான் யாரும் செய்யவில்லை.

வண்டியை வாங்க க்வென் என்பவள் வந்து சேர்ந்தாள். நாற்பது வயதிருக்கும். வெல்டிங் வேலை பார்க்கிறவள். பேச்சு குறைவு. ட்ரெய்லரைச் சேற்றில் கொண்டுவர முடியாமல் சரளைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். கதவின் அடிப்பக்கத்தில் விரலால் குத்தினாள். தகரம் அப்பளமாய் நொறுங்கியது. லவோனுக்கு மானமே போனதுபோல் இருந்தது. க்வென் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மல்லாந்து வண்டிக்கு அடியில் நுழைந்தாள். வெகுநேரம் வரவில்லை.

"என்னம்மா, உசுரோட இருக்கியா?" என்று லவோன் குனிந்து கேட்டாள்.

"யாரு இதுல வேலை பாத்தது?" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "எங்க புருஷன்" என்றாள் டார்லா. சொன்னபிறகுதான் சொன்னது உறைத்து முகம் சிவந்தாள்.

க்வென் வெளியே வந்தாள். "வெளித்தகரத்தை அவர் தொடவே இல்லை. ஆனா பிரேக் குழாய் மொத்தமும் புதுசு. ஒவ்வொண்ணையும் கையால வளைச்சிருக்காரு. எஞ்சினையும் பிரிச்சுக் கழுவி மாட்டியிருக்காரு. எண்ணெய் தேன் மாதிரி இருக்கு. அவசரமில்லாத மனுஷன். முதல்ல உள்ளே, அப்புறம் வெளியேன்னு இருந்திருக்காரு." கையைத் துடைத்துக்கொண்டே, "எங்கிட்ட பேட்டரி இருக்கு, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவா?" என்று கேட்டாள்.

"அப்ப அவரு..." என்று டார்லா ஆரம்பித்தாள்.

"நெசமாவே வண்டி ரிப்பேர் பண்ணத்தான் வந்திருக்கான்" என்று லவோன் முடித்தாள்.

யாருக்கு முதலில் சிரிப்பு வந்ததென்று தெரியாது. டார்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மட்கார்டில் சாய்ந்தாள். லவோனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. க்வென் ஒன்றும் புரியாமல் பேட்டரியைத் தூக்கி வரப் போனாள்.

கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, கார்பரேட்டரைத் துடைத்து, அவள் நாலைந்து தடவை முயன்றபின் வண்டி ஒரு பெரிய இருமல் இருமியது. கரும்புகை கிளம்பியது. உத்தரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தோடின. பிறகு, நம்பவே முடியாமல், எஞ்சின் சீராகப் பிடித்துக்கொண்டது. டார்லா காதைப் பொத்தவில்லை. கையைப் பானெட்டின்மேல் வைத்து அந்த நடுக்கத்தைத் தொட்டுக்கொண்டே நின்றாள்.

"ட்ரெய்லர் வரைக்கும் ஓட்டிக்கிட்டே போயிரலாம். ஏறுங்க ரெண்டு பேரும்" என்றாள் க்வென்.

முன்சீட்டு ஒரே நீளப் பலகை. மூவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வண்டி கொட்டகையை விட்டு வெயிலுக்கு வந்தது. இரண்டு பக்கமும் அறுத்து முடித்த மக்காச்சோளத் தட்டைகள்.

"நீங்க இதுல போயிருக்கீங்களா?" என்று டார்லா காதோரம் கத்தினாள்.

"ஒரு தடவைகூட இல்லை! நீ?"

"நான் இதை இன்னிக்குத்தான் பாக்கவே செய்யறேன்!"

பாதித் தூரத்தில் எஞ்சின் விக்கி நின்றுவிட்டது. ஊற்றிய பெட்ரோல் தீர்ந்திருந்தது. லவோனை ஸ்டியரிங்கில் உட்காரவைத்துவிட்டு மற்ற இருவரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். டார்லா வழுக்கி, முழங்கால் பதியச் சேற்றில் மண்டியிட்டாள். எழுந்து, "நேராப் பிடிங்க! வயலுக்குள்ள இறக்கிராதீங்க!" என்று கூவினாள்.

"நீ ஒழுங்காத் தள்ளு, நான் ஒழுங்காப் பிடிக்கறேன்!"

சாலை வந்ததும் லவோன் பிரேக்கை மிதித்தாள். அவ்வளவு கனமான வண்டி மிதித்த இடத்திலேயே மெத்தென்று நின்றது. அவள் காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பாவி மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் கேட்க நான் வீட்டில் இருந்தேனா?

க்வென் பேரம் பேசவில்லை. சொன்ன விலையையே கொடுத்தாள். லவோன் கையெழுத்துப் போட்டாள். வண்டி ட்ரெய்லரில் ஏறி, சங்கிலி மாட்டி, மேட்டைத் தாண்டி மறையும்வரை இருவரும் சாலையோரம் நின்றார்கள்.

வீட்டுப் படியருகே வந்ததும் டார்லா அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். சேறு பூசிய கையால் முகத்தைத் துடைக்க, முகமும் சேறாயிற்று.

"அவரு போனப்பகூட நான் இப்படி அழலை."

"அழு. இங்க யாரு பாக்கறா?" லவோன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலிலிருந்து பூட்ஸை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினாள். "உள்ள வா. முகத்தைக் கழுவு. கோழிச் சூப் இருக்கு, ப்ளம் வச்ச கொலாச்சி பன் சுட்டு வச்சிருக்கேன்."

டார்லா மூன்று கொலாச்சி சாப்பிட்டாள். இரண்டாவது சாப்பிடும்போது, "நீ இவ்வளவு நல்லாப் பண்ணுவேன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள். மரியாதை எப்போதோ கழன்றுபோயிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. பிறகு சோபாவில் சாய்ந்தவள், பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள். லவோன் ஒரு கம்பளியை எடுத்து அவள்மேல் போர்த்தினாள்.

போன் அடித்தது. ஆர்லீன். சீட்டுக்கு எல்லாரும் வந்தாயிற்று, உன்னை மட்டும் காணோமே என்று கேட்டாள்.

"இன்னிக்கு வரலை" என்று லவோன் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வீட்ல ஆள் இருக்கு. தூங்கறா, எழுப்ப மனசு வரலை."