மூன்றாம் நம்பர் நாற்காலி

காலையில் பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்குள் கொடைக்கானல் ஏறிவிடுகிற குடும்பங்கள் ஏராளம். சந்தனம் பூசிய தலைகள் ஏரியைச் சுற்றிக் குதிரைமேல் போகும், படகில் போகும், சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும். யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அநேகமாக அவை ஆண்பிள்ளைத் தலைகளாகவும் குழந்தைத் தலைகளாகவும் இருக்கும். பெண்களில் பலர் பூமுடி கொடுப்பதாகச் சொல்லி, நுனியில் மூன்று வெட்டு வெட்டி ஒப்பேற்றிவிடுவார்கள். முருகேஸ்வரி ஒப்பேற்றவில்லை. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடியை முழுசாக வழித்துக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

எல்லாம் புருஷனுக்காக. ஜெயமுருகனுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி கமிஷன் மண்டி. போன ஐப்பசியில் பெட்டிகளுக்கு நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனை மதுரைக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் கையை விரித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று, பழனி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் எங்கோ பார்த்துக் கும்பிட்டாள். முடியைத் தர்றேன், ஆளைக் குடு என்றாள். ஆள் பிழைத்துவிட்டான். பிழைத்த ஆள் தானும் மொட்டை போட்டானா என்றால், இல்லை. அடுத்த வாரம் பங்காளி வீட்டுக் கல்யாணமாம், போட்டோவில் நன்றாக இருக்காதாம். அதற்குக்கூட அவள் கோபப்படவில்லை. வேண்டிக்கொண்டது நாம்தானே என்று இருந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்ததும் ஜெயமுருகன், "உனக்கு என்ன வேணுமோ கேளு" என்று பெரிய மனசோடு சொல்லியிருந்தான். வளையல் கேட்பாள் என்று நினைத்தான். அவள் கேட்டது கொடைக்கானலில் சீசனுக்குப் போட்டிருக்கும் விண்வெளிக் கண்காட்சியை. கண்ணில் ஒரு கருவியை மாட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் ராக்கெட்டில் ஏறிப் போகலாம், அந்தரத்தில் மிதக்கலாம், பூமியை மேலிருந்து பார்க்கலாம் என்று போனில் வந்ததைப் பார்த்து வைத்திருந்தாள். காலேஜில் பிஸிக்ஸ் படித்தவள். இரண்டாம் வருஷம் வகுப்பே கொடைக்கானல் வானாய்வுக் கூடத்துக்குக் கிளம்பிய வாரத்தில் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். அந்தப் பயணமும் போயிற்று, படிப்பும் போயிற்று. பார்க்க வந்தவன் வேறு யாருமில்லை, இதே ஜெயமுருகன்தான்.

ஆகவே இது அவளுடைய பயணம். அவள் கேட்டு, அவளுக்காகப் புறப்பட்டது. ஆனால் மலைப்பாதையில் கார் ஏற ஏற அது யார் யாருடையதாகவோ மாறிக்கொண்டு வந்தது. பத்து வயது சந்தோஷ்குமார் வழியெல்லாம் வாந்தி எடுத்தான். பிளாஸ்டிக் பையைப் பிடித்தது அவள். ப்ளஸ் ஒன் படிக்கிற லாவண்யா, பெருமாள்மலையில் டீக்கு நிறுத்தியபோது காதோரம் வந்து, "அம்மா, தலையில துண்டு போட்டுக்கோயேன், எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். எல்லாரும் என்றால் அந்த டீக்கடையில் இரண்டு லாரி டிரைவர்கள். ஏரிக்கரையில் ஜெயமுருகன் மகனைக் குதிரை ஏற்றினான், மகளுக்குத் தொப்பி வாங்கினான், கல்யாண வீட்டுக்குச் சாக்லேட் வாங்கினான். "ஷோ நேரம் ஆகுதுங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம் "அது எங்க ஓடியா போகுது" என்றான். கண்காட்சிக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தபோது அன்றைய கடைசி ஷோவுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

டிக்கெட் மேஜையில் இருந்த பெண் அட்டுவம்பட்டிக்காரி, பெயர் சுதாராணி. ராக்கெட் படம் போட்ட பனியன் போட்டிருந்தாள். முருகேஸ்வரியின் தலையைப் பார்த்ததும் முகம் சங்கடப்பட்டது.

"அக்கா, சாரிக்கா. ஹெட்செட்ல சந்தனம் பட்டா ஸ்பாஞ்ச் வீணாப்போயிரும். தலைக்கு மாட்டுற கவரு இருந்துச்சு, மத்தியானமே தீந்துபோச்சு."

"கழுவிட்டு வந்தா?"

"தாராளமா வாங்க. பின்னாடி பைப் இருக்கு. நாலு சீட்டுதான் மிச்சம், வெரசா வந்துருங்க."

ஜெயமுருகன் குறுக்கே வந்தான். "சாமி சந்தனத்த இன்னைக்கே கழுவுறதா? சரி விடு. நீ பையப் பாத்துக்க, நாங்க போயிட்டு வந்துர்றோம்."

விடு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். முருகேஸ்வரிக்கு அங்கேயே சுர்ரென்று ஏறியது. ஆனாலும் பொறுமையாகத்தான் பேசினாள். "சாமிக்கு நான் குடுத்தது முடி. சந்தனம், கத்தி பட்ட எடம் எரியாம இருக்கப் பூசுனது. நீங்க நாலு டிக்கெட்டா எடுத்து வைங்க, இந்தா வந்துட்டேன்."

"ம்" என்றான் அவன்.

அந்த "ம்"மை நம்பிப் போனாளே, அதுதான் தப்பு.

கொட்டகைக்குப் பின்னால் கழிவறையை ஒட்டி ஒரு குழாய் இருந்தது. கொடைக்கானல் குழாய்த் தண்ணீர் மே மாதத்திலும் சாயங்காலம் பல்லைக் கிட்ட வைக்கும். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டித் தேய்த்தாள். கத்தி கீறியிருந்த இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் பட்டுச் சுரீர் என்றது. மஞ்சளாகத் தண்ணீர் ஓடி ரவிக்கையின் கழுத்தெல்லாம் நனைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய உடைந்த கண்ணாடியில் பார்த்தாள். வெறும் தலை. காலையிலிருந்து சந்தனத்துக்குள் ஒளிந்திருந்த தன் தலையை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறாள். உருண்டையாக, நன்றாகத்தான் இருந்தது. சிரிப்பு வந்தது. குளிரில் தாடை அடித்துக்கொள்ள ஓடி வந்தாள்.

கதவு மூடியிருந்தது. மேஜை ஓரத்தில் அவர்களுடைய பைகள் மூன்றும், சாக்லேட் டப்பாவும், மகளின் புதுத் தொப்பியும் வரிசையாகக் கிடந்தன.

சுதாராணி எழுந்துவிட்டாள். "அக்கா... நீங்க வரலைன்னு சொன்னாருக்கா சார்."

"யாரு?"

"உங்க வீட்டு சார்தான். அவளுக்குத் தலை சுத்தும், மூணு போதும்ன்டாரு. நான் கேட்டேங்க்கா, அக்கா கழுவப் போயிருக்காங்களேன்னு. நாலாவது சீட்ட அப்புறம் பின்னாடி நின்ன ஒரு கோயமுத்தூர்க்காரருக்குக் குடுத்துட்டேன். உள்ள ஆரம்பிச்சாச்சு, இப்ப தொறக்க முடியாது."

முருகேஸ்வரி ஈரத் தலையோடு மூடிய கதவின் முன்னால் போய் நின்றாள். அந்தப் பெண் பாவம், தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். மேஜைமேல் ஒரு டிவி இருந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் கண்ணில் என்ன தெரிகிறதோ அது கட்டம் கட்டமாக, நாற்காலி நம்பர் போட்டு, அதில் தெரிந்தது. யாருக்காவது கருவி நின்றுபோனால் கண்டுபிடிக்க வைத்தது. சுதாராணி அவளுக்காக அதைத் திருப்பி வைத்தாள்.

"ஒண்ணு உங்க பாப்பா. ரெண்டு தம்பி. மூணு சார்."

ராக்கெட் ஏற்கெனவே போய்விட்டது. எல்லாரும் ஒரு விண்கலத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள். இரண்டாம் கட்டம் துள்ளித் துள்ளித் திரும்பியது. சந்தோஷ் மேலே பார்க்கிறான், கீழே பார்க்கிறான், ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்றாம் கட்டம் மெதுவாகச் சுழன்று பின்பக்கம் போனது. அங்கே பூமி இருந்தது. நீலமாக, கட்டம் கொள்ளாமல், வெள்ளை மேகம் இழுபட்டுக்கொண்டு. உள்ளங்கை அகலக் கட்டத்திலேயே அது நெஞ்சை அடைத்தது. லாவண்யா அதைவிட்டுத் திரும்பவே இல்லை. பாக்கட்டும், என் பிள்ளை நல்லாப் பாக்கட்டும் என்று முருகேஸ்வரி நினைத்தாள்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு இரும்புத் தரை தெரிந்தது.

தரை மட்டும்தான். ஒரு போல்ட், ஒரு மஞ்சள் கோடு. மற்ற கட்டங்களில் சூரியன் பூமியின் விளிம்பிலிருந்து எழுந்து வந்தது, நிலா வந்தது. மூன்றாம் கட்டத்தில் அதே போல்ட், அதே மஞ்சள் கோடு.

"கருவி நின்னுபோச்சா?"

"இல்லக்கா, ஓடுது. சார் தலையக் குனிஞ்சே இருக்காரு." சுதாராணிக்கே தாங்கவில்லை. "லேசா பின்னாடி திரும்புனாப் போதும், பூமி தெரியும்."

முருகேஸ்வரி டிவியைப் பார்த்து, "திரும்புய்யா!" என்று கத்தினாள். புருஷனை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வெளியே பஜ்ஜி தின்றுகொண்டு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "தலையத் தூக்குய்யா! பின்னாடி பாரு!" மூன்றாம் கட்டம் அசையவில்லை. அவளுக்கு அந்த நாற்காலியைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தனக்குக் கிடைத்திருக்க வேண்டிய வானத்தில், இந்த மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஷோ முடிகிறவரை போல்ட்டும் கோடும்தான்.

கதவு திறந்தது. சந்தோஷ் ஓடி வந்து, "அம்மா, நான் நெலாவத் தொட்டேன்!" என்றான். லாவண்யா பின்னால் வந்தாள்; அம்மாவின் ஈரத் தலையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கடைசியாக ஜெயமுருகன், கண்ணைக் கசக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டு வந்தான்.

"நல்லவேளை நீ வரல. தூக்கி வீசுற மாதிரி இருந்துச்சு. மாட்டுன ஒடனே கண்ண மூடுனவன்தான், முடியிற வரைக்கும் தொறக்கவே இல்லையே!"

ஏதோ சாமர்த்தியம் பண்ணிவிட்ட மாதிரிச் சொன்னான்.

"நான் வரலைன்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டாள் முருகேஸ்வரி.

"வீட்டுல பேசிக்கலாம், வா."

"இங்க பேசுங்க. எனக்குத் தலை சுத்தும்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன்?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். மகளும் மகனும் நிற்கிறார்கள், கோயமுத்தூர்க்காரர் செருப்பு மாட்டுகிற சாக்கில் நிற்கிறார். அவள் பக்கம் குனிந்து தணிந்த குரலில் சொன்னான். "சந்தனம் இருந்தாலாச்சும் சாமி காரியம்னு பாப்பாங்க. கழுவிட்டு இப்பிடி வெறுந்தலையோட வந்து நாலு பேரு நடுவுல உக்காரப் போறேங்கிற. பாக்குறவன் என்ன நெனைப்பான்? தாலியறுத்தவ மாதிரில்ல இருக்கு."

முருகேஸ்வரி குரலைத் தணிக்கவில்லை.

"அப்பிடி ஆயிரக் கூடாதுன்னுதான்யா மொட்டை அடிச்சேன்!"

கொட்டகை முழுக்கக் கேட்டது. ஜெயமுருகனின் கை தன்னையறியாமல் நெஞ்சுக்குப் போய், அங்கே ஆபரேஷனில் தையல் போட்ட இடத்தில் நின்றது. சந்தோஷ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். ஜெயமுருகன் பைகளை ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டினான். மூன்றையும் அவனே மாட்டிக்கொண்டு சாக்லேட் டப்பாவையும் தூக்கிக்கொண்டான்.

"சரி, தப்புதான். ஏறு, போவோம். காலையில வெள்ளனே மண்டிக்குப் போகணும், எம்புட்டுச் சோலி கெடக்கு. அடுத்த வருஷம் கூட்டியாறேன்."

"நான் வரல. நாளைக்குப் பாத்துட்டு வாரேன்."

"யாரு கூட?"

"நான் மட்டும்தான்."

இதெல்லாம் ஐந்து நிமிஷக் கோபம், கார் கிளம்பினால் தானாக வந்து ஏறுவாள் என்கிற தைரியத்தில் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனான். லாவண்யா பாதி தூரம் போய்த் திரும்பி ஓடி வந்தாள். "அம்மா, நானும் இருக்கேம்மா."

"நீ பாத்துட்டல்ல? போ" என்றாள் முருகேஸ்வரி. மகள்மேலும் அவளுக்குக் கோபம் இருந்தது. துண்டு போட்டுக்கொள்ளச் சொன்னவள்தானே. அதை மறைக்கவும் இல்லை. லாவண்யா தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

சுதாராணி டிவியை அணைத்துக்கொண்டிருந்தாள். ஏரியிலிருந்து பனி ஏறி வாசல் விளக்கை மூடியிருந்தது.

"நாளைக்கு முதல் ஷோ எப்பம்மா?"

"பத்து மணிக்குக்கா. ராத்திரிக்கு எங்கக்கா தங்குவீங்க?"

"ஊர் பூரா லாட்ஜு கெடக்கு. ஒரு டிக்கெட்டப் போடு. மூணாம் நம்பரு."

அந்தப் பெண் டிக்கெட் மெஷினைத் திரும்பவும் போட்டாள். வெளியே காரின் ஹாரன் அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடி அடித்தது. அப்புறம் கையை எடுக்காமல் நீளமாக அடித்தது.

"அக்கா, சார் கூப்புடுறாங்க போல."

"அடிக்கட்டும்" என்று முருகேஸ்வரி டிக்கெட்டுக்குக் கையை நீட்டினாள்.