எனியோனம் வீட்டுக் கதவுகள்

கேட்டா என்ற கடலோர ஊரில் எனியோனத்தின் வீட்டுக் கதவுகள் எட்டு வருடம், மாதத்தில் நான்கு நாள் திறக்கவில்லை. தச்சர் இரண்டு தரம் இழைத்துப் பார்த்துவிட்டு, உப்புக்காற்றில் மரம் உப்பிக்கொள்கிறது என்று சொல்லிப் போனார். அந்த நாள்களில் அவளும் கணவன் செலோமும் ஜன்னல் வழியாக ஏறி இறங்கினார்கள். அவளிடம் புகைபோட்ட மீன் வாங்க வருகிறவர்கள் ஜன்னலுக்குள் சட்டியை நீட்டப் பழகிக்கொண்டார்கள்.

இது தொடங்கியது அவளுடைய முதல் கரு மூன்றாம் மாதத்தில் கலைந்த பிறகு. காயலுக்கு அக்கரையில் ஒரு கிளினிக்கில் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஒரு வாரம் காய்ச்சல் அடித்தது. அதன்பின் மாதவிலக்கு வரவில்லை. வரவேண்டிய நாள்களில் அடிவயிற்றில் வலி மட்டும் வந்தது, கதவுகள் இறுகிக்கொண்டன. மறுபடி கரு தங்கவேயில்லை. மாமியார் சந்தையிலேயே கேட்டாள்: “என் மகன் ஜன்னல் ஏறி ஏறி முழங்கால் தேஞ்சதுதான் மிச்சம். பேரப்பிள்ளை எங்கடி?”

ஏழாம் வருடம் செலோம் பெட்டியோடு ஜன்னலில் கால் போட்டான். டெமா துறைமுகத்தில் வேலை, அங்கே வேறொருத்தி இருந்தாள்.

“நாளைக்குக் கதவு திறந்துடும். வாசல் வழியாவே போங்களேன்,” என்றாள் எனியோனம்.

“நாளைக்குன்னா போக மனசு வராது, எனியோ.”

அடுத்த வருடம் அவள் வலியில் மயங்கிக் கிடந்தபோது அக்கம்பக்கத்தார் மீன்வலையில் கிடத்தி ஜன்னல் வழியாக இறக்கினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் யாய்ரா ஸ்கேன் பார்த்தார். சுரண்டிய இடத்தில் தழும்பு கட்டி, கருப்பையின் வாய் ஒட்டிப்போயிருந்தது. உள்ளே பழைய ரத்தம் தேங்கி நின்றது.

“வலிக்குதுன்னு யார்கிட்டயும் சொல்லலையாம்மா?”

“சொன்னேன் டாக்டர். எல்லாரும் கதவைப் பத்தித்தான் கேட்டாங்க.”

மயக்கமருந்து கொடுத்து மெல்லிய கம்பியால் ஒட்டியிருந்ததைப் பிரித்தார். அந்நேரம் கேட்டாவில் அவள் வீட்டுக் கதவுகள் மூன்றும் தாமாகத் திறந்தன. பக்கத்து வீட்டுக்காரி கோழி உள்ளே போகாதபடி சாத்திவைத்தாள்.

சேதி கேட்டுச் செலோம் வந்தான். உள்ளே வராமல் வாசலில் நின்றான்.

“நான் இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தா…”

“வருஷக்கணக்கெல்லாம் இல்ல. கால்மணி நேர வேலையாம்,” என்றாள். அவனுக்குப் பொரித்த மீனும் அக்பிளே என்ற சோளக்களியும் கொடுத்தாள், நின்றபடியே தின்றான்.

முப்பத்தைந்தாம் வயதில் மனைவியை இழந்த ஒரு படகுக்காரரை அவள் மணந்தாள். இரண்டு வருடத்தில் கரு தங்கியது. தழும்பேறிய கருப்பை வாய் முன்கூட்டியே திறந்தாலும் திறக்கும், பிரசவத்தில் விரியாமலும் போகலாம் என்று யாய்ரா எச்சரித்திருந்தார். வலி எடுத்து ஒரு பகல் முழுக்க விரியவில்லை. வயிற்றைக் கீறித்தான் பெண்குழந்தையை எடுத்தார்கள். முகம் படகுக்காரருடையது. பார்த்ததும் எனியோனம் சிரித்தாள்; பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கொஞ்சநேரம் அழுதாள். படகுக்காரர் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரத்திலிருந்து டெமாவில் செலோமின் வீட்டுக் கதவு எதுவும் சாத்தினால் சாத்தியபடி நிற்பதில்லை. தாழ்ப்பாள் மாற்றினான், கல்லை முட்டுக்கொடுத்தான். பிறகு அங்கே அவன் கட்டிக்கொண்ட மனைவி எல்லாக் கதவுகளையும் கழற்றி விறகுக்குப் போட்டுவிட்டுத் துணித்திரை தொங்கவிட்டாள். மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் சாரல் அடிக்கிறது.