சந்தியா பார்க்க வந்த கற்கள்

அப்பாவுக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த தையல்நாயகியின் முகத்துக்கு நேரே ஊருக்கு வந்திருந்த தங்கை சந்தியா செல்போனை நீட்டினாள். பச்சைப் புல்வெளியில் ஆளுயரக் கற்கள் வட்டமாக நின்றன. நடுவில் மஞ்சள் மழைக்கோட்டில் சந்தியா. அடுத்த படத்தில் வேறு கற்கள், வேறு மேகம், அதே மழைக்கோட்டு. பிரிஸ்டலில் குடியேறியதிலிருந்து தங்கை விடுமுறை நாட்களில் இப்படித்தான் கல்வட்டங்களைத் தேடிப் போகிறாள். ஏவ்பரி, காசில்ரிக், ஸ்காட்லாந்தில் கடல் தாண்டிப் போக வேண்டிய காலனிஷ் என்று படங்கள் தையலின் வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் தையல் ஒரு பூ அனுப்புவாள்.

"இது எங்க வீட்டுக்குக் கிட்டக்க. ஒரு கல்யாணத்துல விடிய விடிய ஆடுனாங்களாம், அப்படியே கல்லாப் போயிட்டாங்களாம். அந்த ஊர்ல சொல்லிக்கறாங்க" என்றாள் சந்தியா.

"ஆடி முடிச்சிட்டுத்தானே கல்லானாங்க."

சந்தியா சிரித்தாள். தையல் அப்பாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சோற்றை விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார், பிறகு புரையேறும்.

"நம்ம ஊர்ப்பக்கமும் இருக்குதுக்கா, தெரியுமா? மாகறல் தாண்டி. அங்க இருக்கறதெல்லாம் பாத்துட்டு இங்க இருக்கறத பாக்கலன்னா எப்படி. வெள்ளிக்கிழம காரு சொல்லியிருக்கேன்."

"போய்ட்டு வா" என்றாள் தையல்.

அப்பா உமாபதி பிள்ளையார்பாளையத்தில் பேர் சொன்னால் தெரிகிற நெசவாளியாக இருந்தவர். மனைவி இறந்த மறு வருஷம் மறதி ஆரம்பித்தது. முதலில் சாமான்களின் பெயர்கள் போயின, பிறகு ஆட்களின் பெயர்கள், அப்புறம் ஆட்களே. இது தன் வீடில்லை, தன் வீடு வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றிவிட்டால் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுவார். ஒருமுறை தாமல் ஏரிக்கரையில் வேட்டி அவிழ்ந்து உட்கார்ந்திருந்தவரை ஒரு பால்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகுதான் தையல் பின்பக்கத்து வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாள், முன்கதவுக்குப் பூட்டு வாங்கினாள். அவர் தூங்கும்போது தறியில் உட்காருவாள். விழித்திருக்கும்போது அவர் கூடவே இருப்பாள். அவளைப் பெண் கேட்டு வந்த கடைசி ஆட்கள் யாரென்று அவளுக்கே இப்போது சரியாக நினைவில்லை. வாரம் ஒருநாள் சந்தியா வீடியோவில் வருவாள். பேசி முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்வாள்: "நீ இருக்கறதாலதான்க்கா நான் இங்க நிம்மதியா இருக்கேன்." அது பாராட்டு மாதிரி இருக்கும். போனை வைத்த பிறகு யாரோ வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனது மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமை காலை சந்தியா ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் கை கூப்பினார்.

"அம்மா, புண்ணியமாப் போவும். கொஞ்சம் தெறந்து விடும்மா. வூட்டுக்குப் போவணும்."

ரேஷன் பையுடன் தையல் தெருமுனையில் திரும்பும்போது சந்தியா வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தையல் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். அப்பாவை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"இன்னாக்கா இது, ஜெயிலா?" சந்தியா பின்னாலேயே வந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ? அவரு மனுஷன்க்கா. அங்கல்லாம் இப்படிப் பண்ணா போலீஸ் வரும்."

தையல் பருப்பை டப்பாவில் கொட்டினாள். கொஞ்சம் தரையில் சிந்தியது. குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு ஒரு நாளு நீ இரு. நான் வெளிய போயிட்டு வரேன்."

"எங்க போவ?"

அதைத் தையல் யோசித்திருக்கவில்லை. போவதற்கு இடமே தோன்றவில்லை. சிநேகிதிகள் என்று இருந்தவர்கள் எங்கெங்கோ இருந்தார்கள். திடீரென்று போய் நின்றால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்த வாரம் முழுவதும் வீட்டுக்குள் பேசப்பட்ட வெளியிடம் ஒன்றுதான்.

"அந்தக் கல்லு பாக்கப் போறேன்."

சந்தியா அவளையே பார்த்தாள். பிறகு, "சரி, காருல போ" என்றாள்.

"பஸ்ஸுல போய்க்கறேன்."

வெள்ளிக்கிழமை தயிர்சாதம் கட்டிக்கொண்டு அவள் கிளம்பும்போது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சந்தியா குளித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை எது, துணி எங்கே, அவர் கத்தினால் என்ன செய்வது எல்லாம் முந்தின நாளே சொல்லியாயிற்று. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டிக் காற்று முகத்தில் அடித்ததும் அவளுக்கு எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல இருந்தது. முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். எல்லாம் இருந்தது.

இறங்கிய இடத்தில் ஒரு புளியமரமும் மூடிக்கிடந்த டீக்கடையும்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தியிடம் வழி கேட்டாள். எல்லம்மாள் என்று பேர் சொன்ன அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை.

"வட்டமா கல்லு இருக்குமே, பழைய காலத்துது."

"பாண்டவர் குழியா? அத்தப் பாக்கவா பஸ்ஸு புடிச்சி வந்த? வா, ஆடும் அந்தாண்டதான் போவுது."

சந்தியாவின் படங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது. ஆளுயரத்தில் எதுவும் இல்லை. சீமைக்கருவேல முட்களுக்கு நடுவே உருண்டைக் கற்கள் பாதி மண்ணில் புதைந்து, படுத்த மாடுகள்போலத் தாழ்வாகக் கிடந்தன. ஒரு வட்டத்தின் பாதியை லாரிப் பாதை தின்றிருந்தது. தொல்லியல் துறையின் துருப்பிடித்த நீலப் பலகையில் எழுத்துகள் உதிர்ந்திருந்தன. ஆனால் முழுசாக இருந்த ஒரு வட்டத்துக்குள் அவள் கால் வைத்தபோது, தன் வீட்டுக் கூடத்தைவிட அது பெரியதாக இருந்ததைக் கவனித்தாள்.

"பொணத்தப் பொதைச்ச எடமாம். பயப்படாத, எல்லாம் எப்பவோ செத்துப்போனவங்க" என்றாள் எல்லம்மாள்.

போன் அடித்தது.

"அக்கா." சந்தியாவின் குரலுக்குப் பின்னால் தட்டும் சத்தம் கேட்டது. "கதவ வெளிய பூட்டிக்கினு போயிட்டியா?"

தையல் பைக்குள் கைவிட்டாள். தயிர்சாத டப்பாவுக்கு அடியில் சாவி இருந்தது. பூட்டியது நினைவில் இல்லை. கை தானாகச் செய்திருந்தது.

"எங்கிட்டதான் இருக்குது சாவி."

"அப்பா எழுந்துட்டாரு. கதவ ஒடைக்கிறாரு. என்ன யாருன்னு கேக்கறாரு, கிட்ட போனா அடிக்க வராரு. பக்கத்துல சொல்லி பூட்ட ஒடைக்கச் சொல்லட்டுமா?"

"ஒடைச்சா வெளிய போயிடுவாரு. உன்னால புடிக்க முடியாது."

தட்டும் சத்தம் இன்னும் பலமாகக் கேட்டது.

"அப்போ நீ வா. உடனே வாக்கா."

"வரேன். பஸ்ஸு சாயங்காலந்தான்."

போனை வைத்தபோது எல்லம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்தியான வண்டி இருக்குதேம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடும்."

"தெரியும்" என்றாள் தையல். வரும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்திருந்தாள்.

வட்டத்துக்குள் வேம்பு நிழல் விழுந்த இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். எல்லம்மாளுக்கு மூடியில் பாதியைப் போட்டுக் கொடுத்தாள். தொலைவில் மத்தியான வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நின்றது. போனது. அந்தச் சத்தம் தேய்ந்து மறையும்வரை அவள் கையில் எடுத்த கவளத்தை வாயில் வைக்கவில்லை. அப்பா இந்நேரம் ஜன்னலுக்குப் போயிருப்பார். சந்தியா மாத்திரையைப் பாலில் கலக்க வேண்டும் என்பதை மறந்திருப்பாள். அந்தக் கவலையோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. அதற்குப் பெயர் வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது. கை கழுவிவிட்டு ஒரு கல்லில் முதுகைச் சாய்த்தாள். பிறகு முந்தானையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு தூங்கியே பழகிப்போனவள், அங்கே முள்ளும் ஆட்டுப் புழுக்கையும் கிடந்த மண்ணில், எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கத் தேவையில்லாமல் தூங்கிப்போனாள். சாயங்கால வண்டிக்கு நேரமாகிறதென்று எல்லம்மாள்தான் தோளைத் தட்டி எழுப்பினாள். கன்னத்தில் மண் ஒட்டியிருந்தது. போனில் சந்தியாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசி அழைப்பு வந்து வெகு நேரம் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவள் ஓடத் தொடங்கினாள்.

பூட்டைத் திறந்து தள்ளினால் கதவு பாதிதான் திறந்தது. சந்தியா அதன்மேல் முதுகை வைத்து உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்து, முழங்கைக்குக் கீழே நகக்கீறல்கள் சிவந்திருந்தன. கூடமெல்லாம் சோறு. அப்பா தறிக்குப் பக்கத்தில் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தையல் குனிந்து அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

"நாள் பூரா உன்னத்தான் தேடுனாரு" என்றாள் சந்தியா. "பேரு தெரில அவருக்கு. அந்தப் பொண்ணு எங்க, அந்தப் பொண்ணு எங்கன்னு."

தையல் துடைப்பத்தை எடுத்தாள்.

"வேணும்னே பூட்டுனியா?"

"இல்ல."

"சாயங்காலந்தான் பஸ்ஸுன்னியே, அது?"

தையல் சோற்றைக் கூட்டுவதை நிறுத்தினாள். "அது வேணும்னே."

சந்தியா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கீறலைத் தடவிக்கொண்டாள்.

"என்னால முடியாதுக்கா" என்றாள். "நான் போயிடுவேன்."

"தெரியும்."

"நீ ஏதாவது கேளு எங்கிட்ட. திட்டவாவது திட்டு."

"இன்னும் ஆறு மாசம் இருக்கியா?" என்று கேட்டாள் தையல். கேட்டுவிட்டோம் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

சந்தியா எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் திறந்திருந்த கதவு வழியாகப் படியிறங்கித் தெருவுக்குப் போனாள். இன்னும் இறங்காத சாயங்கால வெயிலில் நடுத்தெருவில் போய் நின்று, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவள்போல மூச்சை இழுத்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் மணியடித்து அவளைச் சுற்றிக்கொண்டு போனார்.

உள்ளே பாய் சரசரத்தது. அப்பா எழுந்து வந்து தையலுக்குப் பக்கத்தில் நின்றார். கதவு திறந்திருந்தும் அவர் வெளியே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கித் தெருவைப் பார்த்தார்.

"யாரும்மா அந்தப் பொண்ணு, வெயில்ல நின்னுக்கினு இருக்குது?" என்றார். "பாவம். உள்ள கூப்புடு."

தையல் வாயைத் திறந்தாள். கூப்பிடவில்லை. தெருவில் சந்தியா, பகலெல்லாம் காய்ந்த தார் இன்னும் சுடுவதால் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள்.