வெட்டுக்கோட்டைத் தாண்டிய பால்

புரட்டாசி கடைசிச் செவ்வாய்க்கிழமை, இராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில், பிரிஸ்கில்லாவின் கம்ப்யூட்டர் திரையிலிருந்து பால் பொங்கி மேசையில் வழிந்தது. நன்றாகக் காய்ந்த, ஏடு கட்டத் தொடங்கிய பால். அன்றைக்குத் தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, மழை இல்லை.

பிரிஸ்கில்லா அதுவரை ஃப்ளெக்ஸ் போர்டுகள்தான் செய்துகொண்டிருந்தாள். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள். ஸ்ரீவில்லிபுத்தூர் செல்லக்கனியின் பால்கோவாக் கடைக்கு, மதுரை வார இதழ் ஒன்றின் தீபாவளி மலரில் முழுப்பக்க விளம்பரம் என்பது அவளுக்கு முதல் பத்திரிகை வேலை. இது சரியாக வந்தால், முகம் தெரியாத ஆட்களுக்குப் போட்டோவில் கூலிங் கிளாஸ் மாட்டிவிடும் பிழைப்பிலிருந்து தப்பிவிடலாம். செல்லக்கனியின் கடையோ கோயிலுக்கு வரும் கூட்டம் எட்டிப் பார்க்காத சந்துக்குள் இருந்தது. இந்தப் பக்கத்தைப் பார்த்தாவது ஜனம் உள்ளே திரும்பாதா என்று அவளும் காத்திருந்தாள். ஒவ்வொரு முறை மாதிரியை அனுப்பியபோதும் அவள் சொன்ன திருத்தம் ஒன்றே: "படம் செத்துக் கெடக்கு பிள்ளே. அடுப்புல கொதிக்கமாதிரி இல்லியே."

பிரிஸ்கில்லா படத்திலிருந்த பால் சட்டிக்கு வெளிச்சம் கூட்டினாள். நுரையைத் துலக்கினாள். திரை நிறங்களை அச்சு மையின் நான்கு நிறங்களுக்கு மாற்றியதும் மங்கிப்போன மஞ்சளை மன்றாடித் திரும்பக் கொண்டுவந்தாள். பால் லேசாக அசைந்ததைக் கண் அசதி என்று விட்டுவிட்டாள். அச்சான தாளை ஓரம் நறுக்கும்போது வெள்ளை தெரியாமலிருக்க, படம் வெட்டுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருக்க வேண்டும். சட்டியைக் கோட்டுக்கு வெளியே இழுத்துவிட்டாள். அந்த வழியாகத்தான் பால் வந்தது.

மேசையிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து படிக்கட்டுக்கும் இறங்கி, கீழே பீர் முகமதுவின் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் அண்டாவை நீட்டிப் பிடித்துக்கொண்டார். முதல் டீயைக் குடித்தவர்கள் இரண்டாவது கேட்டார்கள். அவர் மாடியேறி வந்து, "ஏம்மா, நாளைக்கும் வருமா? பால்காரர்ட்ட சொல்லணும்," என்றார்.

பிரிஸ்கில்லா, படத்தைக் கோட்டுக்குள் சுருக்கிவிடலாமா என்று கேட்க, பத்திரிகையில் விளம்பரம் வாங்கும் ராம்குமாருக்குப் போன் போட்டாள். படத்தைக் கோட்டுக்குள் சுருக்கினால் பக்கம் திரும்பி வந்துவிடும், சாயங்காலத்துக்குள் வராவிட்டால் மலரில் இடமே இல்லை என்று அவர் சொல்லிவிட்டார். அடுத்துச் செல்லக்கனிக்குச் சொன்னாள். அவள் ஆச்சரியப்படவில்லை, தீ எப்படி எரிகிறது என்று மட்டும் விசாரித்துவிட்டு, நீளக் கரண்டியும் சீனிப்பையுமாக அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாலுக்குள் நடந்து வந்தவள், "பொங்குறத அமத்தப்பிடாது பிள்ளே, கிண்டணும். செத்த நேரம் நீ பிடி," என்று கரண்டியைத் திரைக்குள் விட்டுக் கொடுத்தாள். பிரிஸ்கில்லா வலது கையால் கிண்டினாள். இடது கையால் மௌஸைப் பிடித்துக் கடை முகவரியை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளினாள். செல்லக்கனி திரைக்குள் சீனியை அள்ளி வீசினாள். ஆவியில் இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். சுவரில் எறும்புகள் வரிசை கட்டிக் காத்திருந்தன. யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு பக்கம் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். பால் திரண்டது. படிக்கட்டில் கிடந்தது மேலேறித் திரைக்குள் திரும்பியது. பீர் முகமது கொஞ்ச நேரம் அண்டாவை விட மறுத்தார். கடைசியில் சட்டி நிறையப் பழுப்பேறிய கோவா மினுங்கியது.

"இப்பதான் படம்," என்றாள் செல்லக்கனி.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் ராம்குமார் கூப்பிட்டார். "வந்துருச்சும்மா. மௌஸ்ல லேசா ஒட்டுது. வேற குறை இல்ல."

மலர் வெளியான அன்று பல வீடுகளில் அந்தப் பக்கத்தில் முகவரி மட்டுமே மிஞ்சியிருந்தது. மீதியைப் பிள்ளைகள் தின்றுவிட்டன. முகவரியைப் பிடித்துக்கொண்டு ஜனம் வந்தது. கண்டக்டர்கள் அந்தச் சந்தின் பெயரைச் சொல்லியே ஆள் இறக்கினார்கள். அதற்குப் பிறகு பிரிஸ்கில்லா கூலிங் கிளாஸ் மாட்டவில்லை. அவள் செய்த மின்விசிறி விளம்பரம் தானாகப் பக்கங்களைப் புரட்டியது. குடை விளம்பரத்துக்கு அடியில் அச்சான செய்திகள் நனையவில்லை. அவளுடைய மெத்தைக் கம்பெனி விளம்பரத்தை மட்டும் இதழின் கடைசிப் பக்கத்தில் போடுகிறார்கள். நடுவில் போட்டபோது தொடர்கதையை யாருமே படித்து முடிக்கவில்லை.